ஆள் ஏறாத வண்டி

— வண்டியத் தள்ளி நிறுத்து சபர். காயப்போட்ட ஆப்ரிகாட் பழத்து மேல புழுதி விழுது.

— கோவிச்சுக்காதீங்க புருல் அக்கா. ஒரு வாய் டீ குடுக்க மாட்டீங்களா?

— ஆள் பிடிக்க வர்றவனுக்கு இந்தக் களத்துல டீ கிடையாது. பத்கென் பக்கம் எத்தனையோ ஊரு இருக்கு, அங்க போ.

— எல்லா ஊரும் போயாச்சு. ஆறு வாரமா என் வண்டியில ஒருத்தரும் ஏறல. எல்லாம் உங்க வேலைதான்.

— என் வேலை பழம் காய வைக்கிறது.

— அது மட்டுமா? மண் மூடிக் கிடந்த வாய்க்கால பதினோரு பொம்பளைங்க மம்மட்டியோட இறங்கித் தூர் வாரினீங்க. மரம் பூத்திருக்கும்போதே வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கிக் கடன்ல விழாதீங்கன்னு வீடு வீடா ஏறிச் சொன்னீங்க. வெறும் வாய்ப்பேச்சுன்னா யாரு கேட்டிருப்பா? பனிக்காலத்துல மாவு தீந்துபோன வீட்டுக்கெல்லாம் உங்க பொம்பளைங்க சங்கத்துலருந்து மூட்டை இறக்கினீங்க. அப்புறம் எவ ஏறுவா என் வண்டியில?

— நான் ஏறினேனே, மறந்துட்டியா? நீதான் ஓட்டின. எல்லைக்கு அந்தப் பக்கம் புகையிலைத் தோட்டம். இறங்கின உடனே தோட்டக்காரன் பாஸ்போர்ட்டப் பிடுங்கிக்கிட்டான். ரெண்டு கோடை அங்கயே கிடந்தேன். இந்த விரல்ல அந்தக் கறை போக ஒரு வருஷமாச்சு.

— மறக்கல அக்கா. தப்பிச்சு வந்தவங்க மூஞ்ச மூடிக்கிட்டு வீட்டுக்குள்ளயே கிடப்பீங்கன்னுதான் நினைச்சேன். நீங்க என்னடான்னா சந்தையில நின்னு, நடந்தத ஒண்ணு விடாம சொன்னீங்க. சத்தியமா சொல்றேன், அந்தத் தைரியம் இந்தப் பக்கத்துல எந்த ஆம்பளைக்கும் கிடையாது.

— புகழ்ந்தது போதும். வண்டிக்குள்ள யாரு உக்காந்திருக்கிறது?

— என் பொண்ணு அய்ஜமால். போன மாசம்தான் பதினெட்டு முடிஞ்சுது.

— அடப்பாவி. ஆள் கிடைக்கலன்னு பெத்த பொண்ணையேவா?

— நான் கூப்பிடல அக்கா. நேத்து அவளாவே பையத் தூக்கிட்டு வந்து ஏறி உக்காந்தா. நல்ல வேலைன்னு எல்லார்கிட்டயும் நீங்கதானேப்பா சொல்றீங்க, நானும் போறேன்னா.

— சரி, இப்ப என்ன வேணும்?

— அவளுக்கு உங்க களத்துல ஒரு இடம். பழம் பிளக்கட்டும், கொட்டை எடுக்கட்டும், எதுவானாலும் செய்வா.

— இடம் தர்றேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. என்னோட வந்த குல்ஸாத் இன்னும் அங்கதான் இருக்கா, அவளோட ஆறு பேரு. நான் ஓடி வந்தப்புறம் வேற தோட்டத்துக்கு மாத்திட்டாங்களாம். எந்தத் தோட்டம், யாரோட ஆளுங்க, எல்லாத்தையும் போலீஸ்ல போய்ச் சொல்லு. சொன்னா உன்னையும் உள்ள வைப்பாங்க. அது தெரிஞ்சுதான் கேக்கிறேன்.

— காலையிலயே எழுதிக் குடுத்துட்டேன் அக்கா. பொண்ண ஒரு நல்ல இடத்துல விட்டுட்டு வர்றேன்னு கேட்டுக்கிட்டேன். வாய்க்கால் திருப்பத்துல நிக்குதே ஜீப்பு, அது எனக்காகத்தான். அவகிட்ட நான் இன்னும் சொல்லல, நீங்கதான் சொல்லணும்.