எருக்குக்கு மூன்று முடிச்சு

— தொடாத தம்பி. பால் பட்டா கை வெந்து போவும். தாலி கட்டப்போற கை.

— இதுக்கா என்னை ஜட்காவுல ஏத்தி எண்ணூர் ரோட்டுக்குக் கூட்டியாந்த, அக்கா? சீ, இந்தப் பக்கம் கருவாட்டு நாத்தம், அந்தப் பக்கம் தோல் நாத்தம். தண்டையார்பேட்டையில நம்ம மொளவா வத்தல் மண்டிக்குப் பொறத்தால இல்லாத எருக்கா?

— அங்க மண்டி ஆளுவ பாப்பாங்க. சுயம்பு மொதலாளி செடிக்குத் தாலி கட்டுதாருன்னு சிரிப்பாங்க. மூணாந்தாரம் ஆகாது, மூணாவதா எருக்குக்குக் கட்டிட்டு அதை வெட்டிப் போட்டாத்தான் அந்தப் புள்ள முப்பிடாதி கழுத்துல கட்டுவேன்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?

— ஜோசியர் சொன்னாரு, செய்யுதேன். வெட்டிப் போட்டா பீடை செடியோட போயிரும். நாளைக்கு அவ நாலாவதா வந்து நல்லா இருப்பா. ஏ ரஷீது, அரிவா எடுத்தாந்தியா?

— வண்டில கீது மொதலாளி. கைய வெக்கறதுக்கு முன்னாடி அந்தப் பூங்கொத்தைப் பாத்துக்க. தேனீ ஒண்ணு மாட்டிகினு கீது.

— எங்க? சீ, என்ன எழவு அது? கால்ல மஞ்ச மஞ்சளா? புழுவா?

— புழு இல்ல மொதலாளி, பூவோட தூளு. வேற பூவுல தூளு மாவு கணக்கா ஒதிரும். இதுல அப்டி கெடையாது. ரெண்டு சின்னப் பை, நடுவுல ஒரு கொக்கி. கழுத முதுவுல பொதி தொங்குற மாரி. தேனீ தேனு குடிக்க வந்து குந்துதா, காலு வழுக்கிக்கினு பூவுல கீற சந்துல பூந்துக்கும். இஸ்தா, கொக்கி கால கவ்விக்கினு பையோட வெளிய வரும்.

— நீ எங்க கண்ட இதெல்லாம்?

— தெனம் மத்தியானம் குதிரைக்குப் புல்லு போட்டுட்டு இங்கதான குந்திகினு கீறேன். வேற இன்னா வேலை? அந்தக் கருவண்டு கீது பாரு, தடியன், அதுக்கு ஒண்ணியும் ஆவாது. இஸ்துகினு பூடும். அடுத்த பூவுல அந்தப் பைய சொருவிட்டு அதும்பாட்டுக்கு சுத்தும். தேனீ சின்ன உசுரு, பலம் பத்தாது. காலைப் பிச்சு வுட்டுட்டு ஓடும். இல்லாங்காட்டி தொங்கியே சாவும். கலீஜ் புடிச்ச பூ இது.

— அந்தா, அங்க இன்னொண்ணு. காஞ்சே போச்சு. சீ சீ. தேனு குடுக்குத பூ இப்பிடியா செய்யும்?

— செய்யும் தம்பி. நல்லாப் பாரு. மொதல்ல பாத்த தேனீக்கு ரெண்டு காலு போயிட்டு, இன்னும் இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு.

— நான் எதுக்கு அதைப் பாக்கணும்? தட்டி விடுக்கா. வேட்டியில பட்டுத் தொலைக்கப் போவுது.

— அம்புட்டு அருவருப்பா இருக்கோ?

— பின்ன இருக்காதா?

— எனக்கு உன்னையப் பாத்தா இப்பிடித்தான் இருக்கு. எட்டு வருசமா.

— என்ன பேசுத நீ?

— ஜப்பான்காரன் குண்டு போடுதான்னு பட்டணமே காலியாச்சுல்லா, அந்த வருசம் நீயும் நானும் திருநெல்வேலிக்கு ரயிலேறினோம். உன் பொண்டாட்டி எங்கலன்னு கேட்டேன். வத்தல் மூட்டைக்கு ஒரு ஆளு காவல் வேண்டாமான்னு கேட்ட. அவளை உள்ள விட்டு, வெளியே பூட்டுப் போட்டுட்டு வந்திருக்க. திரும்பி வந்தப்ப எலும்பும் தோலுமாக் கெடந்தா.

— அவ சோத்துக்குப் பாத்துக்கன்னு அரிசிக்காரப் பயகிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அவனும் ஓடிட்டான். அவ காய்ச்சல்ல போனா, அதுக்கு நான் என்ன செய்ய?

— சரி, ரெண்டாவது வந்தவ? இருமி இருமி ரத்தமாத் துப்புனா. அப்பவும் அந்த நெடியிலயே உக்காத்தி வச்சு வத்தலுக்குக் காம்பு கிள்ளச் சொன்ன. அவ துப்புன சட்டிய நான் கழுவுனேன். நீ மூக்கைப் பொத்திக்கிட்டு மாடியில போயிப் படுத்த.

— மண்டியில வாக்கப்பட்டா மண்டி வேலை செய்யணும். நாளைக்குக் கல்யாணம், ஒரு ஜட்காக்காரன் முன்னால வச்சுப் பேசுத பேச்சா இது?

— அவனுக்குத் தெரியாதது என்ன இருக்கு? ரெண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போனது அவன் வண்டிதான்.

— நான் வாயத் தொறக்கல மொதலாளி. என்னை இஸ்து பேஜாரு பண்ணாதீங்க.

— முப்பிடாதிக்குப் பதினேழு வயசு, தம்பி. ஊர்லேர்ந்து வந்து நாலு நாளா என் வீட்டுல இருக்கா. நேத்து சோறு தின்னுகிட்டே கேட்டா, மண்டியில சன்னல் உண்டா மதினின்னு.

— நீ என்ன சொன்ன?

— அவ தட்டுல இன்னும் ரெண்டு கரண்டி சோறு வச்சேன். சரி விடு, நேரமாவுது. இந்தா மஞ்சக் கயிறு. இந்தத் தண்டுல கட்டு. ரெண்டு முடிச்சு நீ போடு. மூணாவது நாத்தனா முடிச்சு, அதை நான் போடணும்.

— அந்த எழவு பிடிச்ச தேனீ கிட்டயே இருக்கு. சீ, கையில ஒட்டுது.

— கட்டு.

— ஒண்ணு. ம், ரெண்டு. போதும், நீ சீக்கிரம் போடு. கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு.

— போட்டாச்சு. அவுக்க முடியாதபடி போட்டிருக்கேன்.

— ரஷீது, வெட்டு. வேரோட வெட்டித் தூக்கி எறி.

— அம்மா சொன்னா வெட்றேன் மொதலாளி.

— கூலி குடுக்குறது நானா, அம்மாவா? அக்கா, அவன்கிட்டச் சொல்லு. வெட்டாம விட்டா நான் இந்த எருக்குக்குப் புருசனால்லா நிப்பேன்? நாளைக்கு எப்பிடி அந்தப் புள்ள கழுத்துல கட்டுவேன்?

— அந்தப் புள்ளைய விடியக்காலையில இதே வண்டியில கூட்டிட்டுப் போயி எழும்பூர்ல ரயிலேத்தி விட்டுட்டேன் தம்பி, சுயம்புக்குக் கல்யாணம் முடிஞ்சிட்டுன்னு அவ அப்பன்கிட்டச் சொல்லச் சொல்லியிருக்கேன்.