கடைசி இடம் காலி இல்லை

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை நமக்காகத் திறந்துவிட்ட நூலகர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கும் சைக்கிள் குழு நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். மைக் பிடித்துப் பழக்கமில்லை. குழுவில் எனக்கு 'தலை' என்று பெயர். முதலில் போகிறவன் என்பதால் வந்த பெயர், மூளைக்காக வந்ததல்ல. கடைசியில் வருகிறவருக்கு 'வால்' என்று பெயர். அந்த வால்தான் இன்று எனக்குப் பின்னால் சட்டம் போட்ட படத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

கார்டு அண்ணன்! வேலைக்காலம் முழுவதும் ரயில்வே கார்டாகச் சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியில் தனியாகப் போனவர். ஓய்வு பெற்ற பிறகாவது முன்னால் வந்தாரா? வரவில்லை. எங்களோடு சைக்கிள் ஓட்ட வந்த முதல் நாளே நேராகக் கடைசியில் போய் நின்றுகொண்டார். "முன்னாடி போறவன் பின்னாடி பாக்கக் கூடாதுப்பா. பாத்தா குழியில விழுவான். பின்னாடி பாக்கறதுக்குத்தான் நான் இருக்கேன்ல" என்றார்.

அவர் செய்த தொண்டு என்ன என்று கேட்பீர்கள். அதோ மூன்றாவது வரிசையில் நம் மருந்துக்கடைக்காரர் இருக்கிறார். குழுவிலேயே மெதுவாக ஓட்டுகிறவர் அவர்தான், கோபித்துக்கொள்ள மாட்டார். மேட்டில் அவருக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் அண்ணன் பின்னாலிருந்து குரல் கொடுப்பார்: "கொஞ்சம் நில்லுங்கப்பா, என் செயின் கழண்டுடுச்சு." நாங்களும் நிற்போம். அந்தச் செயின் ஒரு நாளும் கழன்றதில்லை என்று சைக்கிள் கடைக்காரர் போன வாரம்தான் சொன்னார். இன்னொருவர் வெட்கப்படக் கூடாது என்பதற்காகத் தன் வண்டியைப் பழி சொன்ன மனிதரை வேறெங்கே பார்ப்போம்?

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே அரைகுறையாகப் பேசுகிறார்கள். முழுதாகக் கேட்டுவிடுங்கள்.

வளைந்து வளைந்து போகும் சந்துகளில், முன்னால் போகிறவனுக்குப் பின்னால் வருகிறவர்கள் தெரியமாட்டார்கள். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நான் ஒரு தடவை மணி அடிப்பேன். எனக்குப் பின்னால் வருகிறவர் ஒரு தடவை அடிப்பார். அப்படியே ஒவ்வொருவராகப் போய், கடைசியில் அண்ணன் இரண்டு தடவை அடிப்பார். அது கேட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள், போகலாம் என்று அர்த்தம். அவருடைய மணி கீறல் விழுந்த பழைய மணி. முதல் அடி கணீரென்று கேட்கும். இரண்டாவது அடி தொண்டை கட்டியதுபோல் பாதியில் நின்றுவிடும். புதுசு வாங்கித் தருகிறேன் என்றால் விடமாட்டார்.

போன மாதம், வார விடுமுறைக்கு அந்தப் பழைய கோட்டை நகரத்துக்குப் போனோம். சனிக்கிழமை மதிலுக்கு வெளியே சுற்றினோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மதிலுக்கு உள்ளே. இரண்டு பக்கமும் உயரமான கல் சுவர், கடைகள் இன்னும் திறக்கவில்லை, ஆள் நடமாட்டமே இல்லை. முதல் வாசலைத் தாண்டினோம். மணி வந்தது. இரண்டாவது வாசலில் அடித்தேன், வரிசையாக மணி பின்னால் போனது, கடைசியில் அந்த இரண்டு அடி வந்தது, இரண்டாவது அடி பாதியில் நின்றது. மூன்றாவது வாசலிலும் அப்படியே வந்தது. நான் நிம்மதியாகப் போனேன்.

சதுக்கத்தில் இறங்கினோம். எல்லோரும் வந்தார்கள். மருந்துக்கடைக்காரரும் வந்தார். அவருக்குப் பின்னால் தெரு வெறுமையாகக் கிடந்தது.

"அண்ணன் எங்கய்யா?" என்றேன்.

"வந்துட்டுதான் இருந்தார். இப்பக்கூட மணி அடிச்சாரே. என் முதுகுக்குப் பின்னாடியே கேட்டுச்சு."

திரும்பிப் போனோம். முதல் வாசல் படியில், தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசல் காவலாளி பக்கத்தில் நின்று தன் தொப்பியால் அவருக்கு விசிறிக்கொண்டிருந்தார். "நீங்கள்லாம் அந்த வளைவுல திரும்பினதுமே உக்காந்துட்டாருங்க. மணி லூசாயிடுச்சு, இறுக்கிட்டுப் போறேன்னார். அதுக்கப்புறம் பேச்சே இல்ல" என்றார். அண்ணனின் வலது கையில் திருப்புளி இருந்தது. இடது உள்ளங்கையில் மணியின் மூடி இருந்தது. இதோ, இந்த மேசைமேல் மூடி தனியாக, மணி தனியாகக் கிடக்கிறதே, இதுதான் அந்த மணி.

அப்படியானால் இரண்டாவது வாசலில் அடித்தது யார்? மூன்றாவது வாசலில் அடித்தது யார்? எதிரொலி என்று சொல்லிப் பார்த்தோம். வேறு யாரோ சைக்கிளில் போயிருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தோம். பாதியில் நிற்கும் அந்த அடி வேறு யார் வண்டியில் இருக்கிறது?

அன்றிலிருந்து குழு வண்டி எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூடுவோம், கடைசியில் போக ஆள் கிடைக்காது, டீ குடித்துவிட்டுக் கலைவோம். குழுவையே கலைத்துவிடலாமா என்று இந்தக் கூட்டம் முடிந்ததும் முடிவு செய்வதாக இருக்கிறோம். எனக்கும் பயம்தான். ஒளிக்கவில்லை.

நாலு நாள் முன்னால் இந்த மணியைக் கொடுக்க அண்ணியிடம் போனேன். "அவர் பின்னாடி நின்னுபோனது உங்க யாருக்குமே தெரியலையா தம்பி?" என்று கேட்டார். எந்தக் கேள்விக்குப் பயந்தேனோ அதே கேள்வி. நடந்ததை அப்படியே சொன்னேன். அண்ணி கூடத்துக் கதவைக் காட்டினார்.

"இந்த வீட்ல கடைசியாப் படுக்கறவர் அவர்தான். தாழ்ப்பாளை அவர்தான் போடுவார். இப்ப ராத்திரி நான் போடலாம்னு போறேன். தினமும் ஏற்கெனவே போட்டிருக்கு."

"பயமா இல்லையா அண்ணி?" என்றேன்.

"எதுக்குப் பயம்? அந்தத் தாழ்ப்பாள் இல்லன்னாதான் எனக்குத் தூக்கமே வராது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் படியில் உட்கார்ந்தபோது அவர் எங்களைக் கூப்பிடவில்லை. அவர் நின்றுவிட்டது தெரிந்தால் நாங்களும் நின்றுவிடுவோம். நாங்கள் எல்லோரும் பத்திரமாகச் சதுக்கம் போய்ச் சேரும்வரை அவர் தன் வேலையை விடவில்லை. நண்பர்களே, இதற்கா நாம் பயப்படுகிறோம்?

அதனால் அண்ணியின் முன்னிலையில் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். குழு கலையாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே நகரத்துக்குப் போகிறோம், அதே வாசலில் தொடங்குகிறோம். தலையாக மருந்துக்கடைக்காரர் போகட்டும், அவர் வேகத்தில் எல்லோரும் போவோம். நான் பின்னால் வருகிறேன். கடைசியில் அல்ல. கடைசி இடம் காலி இல்லை. அதற்கு முந்தின இடத்தில் வருவேன், ஒரு தடவை மட்டும் மணி அடிப்பேன், திரும்பிப் பார்க்கமாட்டேன்.

பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கிறேன். கூட்டம் கலையும்போது, கடைசியாகப் போகிறோமே என்று யாரும் தயங்க வேண்டாம். நீங்கள் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருங்கள். கதவை அண்ணன் சாத்திக்கொள்வார்.