அவசரக்காரன் பானெட்டைத் திறப்பதில்லை

காப்பி ஆறிவிடும், குடியுங்கள். டோலிடோ அரங்கத்தில் ஆட்டத்தைவிடக் காப்பி நன்றாக இருக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நான் இந்தக் கூடைப்பந்து அணிக்குப் பொது மேலாளராக வருவதற்கு முந்தைய பேச்சு அது.

எவனை விற்றேன், எவனை எடுத்தேன் என்று எனக்கு மதிப்பெண் போடாதவர் இங்கே இல்லை. முடிவெட்டுபவர் போடுவார், பாதிரியார் போடுவார். எங்கள் நட்சத்திர ஆட்டக்காரன் ஒடெல் ரிவர்ஸை கேன்சஸ் சிட்டி அணிக்குக் கொடுத்த அன்று, வானொலியில் ஸ்பைக் டொனாட்டோ எனக்கு 'எஃப்' போட்டான்.

"லோவல் காஸ்பர் வீட்டுத் தூணையே பிடுங்கி வித்துட்டான்யா. பதிலுக்கு என்ன வாங்கினான்? ஜூன் மாசம் காலேஜ் பசங்களை அணிங்க வரிசையா பொறுக்கி எடுக்கற டிராஃப்டுல அவங்க முறை வரும்போது ஒரு புதுப் பையனை நாம எடுத்துக்கலாமாம். பேரு தெரியாத பையனுக்கு ஒடெலா? அவங்கப்பா கார் வித்தப்பவும் இப்படித்தான் இனாமா குடுத்தாரா?"

காரை ஓரம் கட்டி முழுவதும் கேட்டேன். வலித்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்பா பழைய கார் வியாபாரி. இனாமாக வணக்கம்கூடச் சொல்லமாட்டார். "அவசரக்காரன் பானெட்டைத் திறக்க மாட்டான். திறக்காதவனுக்கு நாமளா ஏன்டா திறந்து காட்டணும்?" என்பார். கல்லூரியில் படித்ததெல்லாம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை.

போன வருடம் பிப்ரவரியில் பயிற்சியின்போது ஒடெல் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். எங்கள் மருத்துவர் மேரியன் ஸ்ட்ரோப் சோதித்துவிட்டு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"லோவல், அவன் இதயத் தசை தடிச்சிருக்கு. இனிமே அவன் ஓடவே கூடாது. இன்னிக்கே அவன்கிட்ட சொல்லணும்."

"சொல்லலாம் டாக்டர். வெள்ளிக்கிழமை சொல்லலாம்."

"அதென்ன வெள்ளிக்கிழமை?"

"வியாழன் மூணு மணிக்கு ஆட்டக்காரங்களைக் கைமாத்தற சந்தை மூடுது. அப்புறம் இந்த சீசனுக்கு யாரையும் விக்க முடியாது."

டாக்டருடைய ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடிவதாக இருந்தது. மகள் படிப்பெல்லாம் எப்படிப் போகிறது என்று விசாரித்தேன். புரிந்துகொண்டார். ஒடெலிடம் சளிக்காய்ச்சல் என்று நானே சொன்னேன். கோழி சூப் வாங்கி அனுப்பினேன், என் சொந்தச் செலவில்.

கைமாறும் ஆட்டக்காரனை, வாங்குகிற அணியின் மருத்துவர் சோதித்தால்தான் பேரம் முடியும். அது வழக்கம். வாங்குபவன் சோதனை வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், அதுவும் வழக்கம்தான். கேன்சஸ் சிட்டியின் மேலாளர் ரஸ் டால்மேஜ். அவனுடைய முக்கிய ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் உடைந்திருந்தது. வெள்ளி இரவு நாடே பார்க்கும் ஆட்டம். வியாழன் மதியம் கூப்பிட்டேன்.

"நல்ல சரக்கை ஏன்டா தள்ளி விடற? கோளாறு எதுவும் இல்லையே?"

"இந்த சீசன்ல ஒரு ஆட்டம் விட்டிருக்கானா, நீயே சொல்லு. சந்தேகம்னா சோதிச்சுக்கோ ரஸ். உன் டாக்டர் முடிக்கச் சனிக்கிழமை ஆகும். வெள்ளிக்கிழமை உன் முதலாளியைக் களத்துல இறக்கிக்கோ."

சிரித்தான். சோதனை வேண்டாம் என்றான். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, கவனித்தீர்களா?

ஒடெல் விடைபெற வந்து கட்டிப்பிடித்தான். "என் தம்பி காலிஸ் காலேஜ்ல ஆடறான் பாஸ். அவன் மேல ஒரு கண்ணு வைங்க."

"வெக்கறேன்" என்றேன். வைத்தேன்.

வெள்ளி இரவு மூன்றாம் கால் பகுதியில், யாரும் இடிக்காமலே, ஒடெல் விழுந்தான். எழவில்லை. டிவியில் பார்த்துக்கொண்டிருந்த நான் சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மலர்வளையம் எங்கள் அணியின் நிறத்திலேயே போனது.

பழி ரஸ் தலையில் விழுந்தது. சோதிக்காமல் வாங்கியவன் அவன்தானே? வேலை போயிற்று. ஸ்பைக் கொஞ்ச நாள் மரியாதைக்குச் சோகப் பாட்டுப் போட்டுவிட்டு, "ஒடெல் பாவம்தான். ஆனா வியாபாரமா பாத்தா..." என்று இழுத்து, 'எஃப்'பை 'ஏ' ஆக்கினான். முடிவெட்டுபவர் காசு வாங்கவில்லை.

ஒடெல் இல்லாத கேன்சஸ் சிட்டி தோற்றுக்கொண்டே போனது. தோற்பவனுக்குத்தான் டிராஃப்டில் முன்னிடம். அந்த இடம் இப்போது என்னுடையது. அதில் காலிஸை எடுத்தேன். ஊரே அழுதது. அவன் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மூத்தவனைப் பாத்துக்கிட்ட மாதிரியே இவனையும் பாத்துக்கங்க."

ஜூனில் சோதித்தபோது அவன் இதயம் சுத்தம். இது குடும்பத்தில் வரும் நோயாம், சிலருக்குத் தாமதமாகத்தான் தடிக்குமாம். போன வாரம் டாக்டர் ஸ்ட்ரோப் மறுபடி வந்து கதவைச் சாத்தினார். இந்தமுறை மகளைப் பற்றி விசாரித்தும் அவருக்குப் புரியவில்லை. லீக்கின் விசாரணை அதிகாரியான உங்களைக் கூப்பிட்டுவிட்டார். நல்ல பெண்மணி, பொறுமைதான் போதாது.

ஆம், ஒடெலைத் தெரிந்தேதான் விற்றேன். அவன் செத்தது கேன்சஸ் சிட்டி கணக்கில்.

கீழே பந்து தடதடவென்று கேட்கிறதே, அது காலிஸ்தான். உடனே நிறுத்தச் சொல்கிறீர்கள். நிறுத்தலாம். ஆனால் இன்றைக்குப் புதன்கிழமை. நாளை மூன்று மணிக்கு இந்த வருடச் சந்தை மூடும்வரை உங்களால் பொறுக்க முடியாதா? ஒமாஹா அணியின் மேலாளர் பெரிய அவசரத்தில் இருக்கிறார். ஜூன் மாத மருத்துவச் சான்றே போதும் என்கிறார்.

இந்த முறையாவது ஸ்பைக் முதல் நாளே எனக்கு 'ஏ' போடட்டும்.