எண்ணெய்ச் சட்டியில் வெந்த காந்தம்

தலைமை நாற்காலியை நிறைத்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பொன்னாடைக்குத் தோளைத் தயாராக வைத்திருக்கும் பெரியவர்களே, மோட்டார்க் கம்பெனி முதலாளி ஜெகதீஸ்வரன் அவர்களே, வேலைக்குப் போன பிள்ளை திரும்பும்வரை வாசலைப் பார்த்தபடியே சோறு வடிக்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் திருச்செங்கோட்டில் முறுக்குச் சுட்டு விற்கும் சென்னியம்மாளின் கும்பிடு.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என்னை எதற்கு மேடையேற்றினார்கள்? கரண்டு வண்டி மோட்டாருக்குப் புதுக் காந்தம் செய்திருக்கிறார்களாம். அதற்கு, அதே கம்பெனியில் வேலை பார்த்துச் செத்துப்போன என் மகள் தனப்பிரியாவின் பெயரைச் சூட்டுகிறார்களாம். பெற்றவள் நாலு வார்த்தை வாழ்த்த வேண்டுமாம். வாழ்த்துகிறேன். அதற்கு முன் அந்த அடுப்பைப் பாருங்கள்.

என்ன சாமி, பின்வரிசையில்? "ஏனுங்க, முறுக்கு எப்பங்க வேகும்?" என்கிறீர்களா? சட்டியில் கிடப்பது முறுக்கு இல்லை சாமி, இரண்டு காந்தம். ஒன்று கம்பெனியின் புதுக் காந்தம். மற்றொன்று, அதே அளவில் என் மகள் செய்து எங்கள் பீரோவில் ஒட்டிவைத்திருந்தது.

கூட்டம் தொடங்கும்போது எல்லோரும் பார்த்தீர்கள். கம்பெனிக் காந்தம் ஐந்து கிலோ எடைக்கல் மூன்றைத் தாங்கியது. கைதட்டினீர்கள். என் மகளுடையது இரண்டுதான் தாங்கியது. ஒருவரும் தட்டவில்லை. வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிகிறவரை இரண்டும் எண்ணெயில் வெந்தன. காளிதாஸ், எடுத்து ஆற வை சாமி.

காந்தத்தின் பிடியில்தான் மோட்டார் இழுக்கும். சூடேறினால் பிடி தளரும். தளர்ந்த பிடி, ஆறினாலும் முழுசாகத் திரும்பாது. எனக்கு எப்படித் தெரியும்? ஒருநாள் என் மகள் என் முறுக்குச் சட்டியில் காந்தத்தைப் போட்டாள். "ஏன்டி, திங்கற எண்ணெயில இரும்பைப் போடற?" என்று கரண்டியை ஓங்கினேன். "கொல்லிமலை ஏறும்போது மோட்டாருக்குள்ள இந்தச் சூடு வருதும்மா. இங்க தளர்ந்தா அங்கயும் தளரும்" என்றாள்.

எனக்குப் புரிந்தது. பெரிய படிப்புப் படித்தவர்களுக்குப் புரிந்ததா? இதற்கு முந்தைய காந்தம் போட்ட வண்டிக்கு நல்ல நேரம் பார்த்தார்கள். மார்கழி விடியலில் மாலை போட்டார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கி, காலி வண்டியைச் சமதள ரோட்டில் ஓட்டி, ஜெயித்தோம் என்று லட்டுக் கொடுத்தார்கள். பழம் நசுங்கியது, சரி. சூடு நசுங்கியதா? பங்குனி உச்சி வெயிலில், பாரம் ஏற்றி, மலையில் ஓட்டிப் பாருங்கள் என்று என் மகள் கேட்டாள். முதலாளி சிரித்துக்கொண்டே, "நல்ல காரியத்துக்கு உச்சி வெயில்ல யாராச்சும் கெளம்புவாங்களா அம்மிணி?" என்றாராம். அவள் செய்த, இரண்டே கல் தாங்கும் காந்தத்தை விளம்பரத்தில் போட்டால் யார் வாங்குவார்கள் என்றும் கேட்டாராம்.

பங்குனி வந்தது. அந்த வண்டியை வாங்கியவர் ஒருவர் முட்டை ஏற்றிக்கொண்டு கொல்லிமலைக்குக் கிளம்பினார். அவருக்கு என்ன தெரியும், நல்ல நேரத்தில் ஜெயித்த வண்டியாயிற்றே! சூடளக்கும் கருவியோடு என் மகள் கூடவே ஏறினாள். வளைவில் மோட்டார் இழுக்கவில்லை. வண்டி பின்னால் போனது. ஓட்டியவர் பிழைத்தார். அவள் கையில் இருந்த கருவிகூடப் பிழைத்தது.

இப்போது அடுத்த காந்தம். மறுபடி விடியல், மறுபடி எலுமிச்சம்பழம், இந்தத் தடவை கூடுதலாக என் பிள்ளையின் பெயர்!

ஆறிவிட்டதா காளிதாஸ்? கம்பெனிக் காந்தத்தில் ஒரே ஒரு கல்லை மாட்டு சாமி.

கேட்டதா சத்தம்? பலகை பிளந்திருந்தால் மன்னிக்க வேண்டும், தலைவர் அவர்களே.

இனி என் மகளுடையது. ஒன்று. இன்னொன்று. நிற்கிறது. இப்போதும் யாரும் தட்ட வேண்டாம்.

முதலாளி அவர்களே, மேலே கட்டியிருக்கும் துணியில் அவள் பெயர் இருக்கிறது. அதை அவிழ்த்து மடித்து என்னிடம் கொடுங்கள். உங்கள் காந்தம் என் சட்டியில் வெந்து இரண்டு கல் தாங்கும் நாளில், உச்சி வெயிலானாலும் நானே வந்து கட்டிவிடுகிறேன்.

அடுப்பு சுமந்துவந்த காளிதாசுக்கும், பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும் நன்றி. எல்லோரும் பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.