தோலை உரித்துப் பாருங்கள் என்றார் எலுனெட்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் அரவென் பள்ளத்தாக்கு நரிக் கட்டுப்பாட்டுச் சங்கத் தலைவர் கெத்தின் ரீஸ் அவர்களே! சபைக் கூடத்தைத் திறந்துவிட்ட போதகர் அவர்களே! ஆடுகள் குட்டி போடும் நேரத்தில் கொட்டிலை விட்டு வந்திருக்கும் பண்ணைக்காரர்களே! பின்னால் கேக்கை நறுக்கியபடி நிற்கும் தாய்மார்களே! அனைவருக்கும் வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேலாக நம் வாரப் பத்திரிகையில் ஆட்டுச் சந்தையும் நாய்க் கண்காட்சியும் எழுதி வருகிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்லித்தான் பழக்கம். இன்றும் அதைத்தான் செய்யப் போகிறேன்.

குட்டி தின்னும் நரிகளை நமக்காகப் பிடித்த எலுனெட் வொகன் அம்மையார் போய்விட்டார். எந்தப் பண்ணையில் குட்டி காணாமல் போனாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். எந்தப் பண்ணை அவரைக் கூப்பிடவில்லை? கூப்பிட்ட எந்தப் பண்ணைக்கு அவர் வராமல் இருந்தார்? பனி கொட்டிய அந்த மார்ச்சில், ஹென்ட்ரே பண்ணை எமிரின் மேட்டில் பாறைக்கு அடியில் உட்கார்ந்து, காதில் பனி உறைய, தாய் நரிக்காகக் காத்திருந்தவர் யார்? எமிர், நீ இங்கே இருக்கிறாய். நீயே சொல்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. விட்டுப் போனது ஒரு வீடு, நரி வளைக்குள் நுழையும் டெரியர் நாய் இரண்டு, ஷான் என்று ஒரு லர்ச்சர் வேட்டை நாய். டெரியர்களைக் கேட்டு நான்கு பேர் வந்துவிட்டார்கள். ஷானைக் கேட்க ஆளில்லை; அதைச் சாகடிக்க ஊசி போட நாளை கால்நடை மருத்துவர் வருகிறார். அப்படிச் சங்கம் முடிவு செய்திருக்கிறது. அம்மையாரைப் பற்றிப் பேசுகிறவன் அதைப் பேசாமல் உட்கார முடியாது.

லர்ச்சரில் பாதி கிரேஹவுண்ட் இருக்க வேண்டும் என்பதில் நமக்குள் தகராறு கிடையாது. மறுபாதி என்ன என்பதில்தான் இந்தப் பள்ளத்தாக்கில் அண்ணன் தம்பிகூடப் பேசிக்கொள்வதில்லை. அதற்கு ஒரு முடிவு கட்ட நம் தலைவர் ஒருமுறை போட்டி வைத்தாரே, மறந்துவிட்டீர்களா? பாறைக் குவியலுக்குள் நரி. உள்ளே டெரியரை அனுப்பியாகிவிட்டது. வெளியே சரிவில் நான்கு நாய்கள், கையில் வாரோடு நான்கு பேர். நரி வெளியே பாய்ந்தது. வார்கள் அவிழ்ந்தன.

பண்ணைக்காரர் டுடுரின் டீர்ஹவுண்ட் கலப்பு ஓடினால் மலையே இடம் மாறுவது போலிருக்கும். அது கல்சுவரை ஒரே தாவாகத் தாண்டியது. மறுபக்கம் சாணிக்குட்டை. போஸ்ட்மேன் இவானின் சலூக்கி கலப்பு நாள் முழுக்க ஓடக்கூடியது. அன்றும் நாள் முழுக்க ஓடியது. மறுநாள் அடுத்த மாவட்டத்துக் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. தலைவரின் சாம்சன், புல்டெரியர் கலப்பு. நரிக்குப் பின்னாலேயே வளையிலிருந்து வெளியே வந்த டெரியரின் பின்தொடையை அது கவ்விக்கொண்டது. கவ்வியது கவ்வியதுதான். நடைக்குச்சியைப் பல்லிடுக்கில் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது.

"கெத்தின், அந்த வாய்க்குச் சாவி எங்கய்யா வெச்சிருக்க?" என்று டுடுர் கத்தினார்.

"வீரம்னா அப்படித்தான் இருக்கும். புடிச்சா விடாது என் புள்ள" என்றார் தலைவர், நம் எல்லோர் முன்னாலும்.

எலுனெட் அம்மையாரின் செரன், ஆடு மடக்கும் கோலி நாயின் கலப்பு. அது ஓடவே இல்லை. சரிவில் பாதி தூரம் நடந்துபோய், ஆடுகள் நுழைவதற்காகச் சுவரில் விட்டிருந்த திறப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது.

"எலுனெட் ஆன்டி, உங்க நாய் ரிட்டயர் ஆயிடுச்சா?" என்றான் எமிர்.

"வாயை மூடிக்கிட்டு அந்த ஓட்டையப் பாருடா."

அந்தத் திறப்பு வழியாகத்தான் நரி வந்தது. தொண்டையில் ஒரே கடி. நரியைக் கீழே போட்டுவிட்டுச் செரன் அம்மையாரின் காலடியில் வந்து படுத்துக்கொண்டது.

தன் நாய்தான் உசத்தி என்று அவர் பேசி நான் கேட்டதில்லை. "முள்ளுப் புதருன்னா பெட்லிங்டன் கலப்பு நாயைக் கூட்டிட்டு வாங்க. என் மகாராணிக்கு முள்ளு ஆகாது" என்பார். புல்டெரியர் கலப்பைப் பற்றியும் சொன்னார்: "நரி திரும்பி நின்னு கடிச்சா, முகத்தைக் கொடுத்துட்டு நிக்கிற நாய் அதுதான். ஆனா ஆடு மேயற பக்கம் அதை அவுக்காதீங்க." இதைக் கேட்டவர்கள் இந்தக் கூடத்தில் எத்தனை பேர்! கேட்டதாக ஒப்புக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்?

இரண்டு வருடத்துக்கு முந்தைய வசந்தத்தில் எமிரின் பண்ணையில் ஒருநாள் காலை மூன்று சினை ஆடுகள் செத்துக் கிடந்தன. சத்தம் கேட்டு அம்மையாருக்கு முன்னால் ஓடிப்போன செரன், மிச்ச ஆடுகளைச் சுற்றி வருவதைக் கடிதப் பையோடு வந்த இவான் பார்த்தார். அன்று மாலையே இதே கூடத்தில் கூட்டம். நான் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன்.

"என் கண்ணால பாத்தேன். கூட்டத்தைச் சுத்திச் சுத்தி வந்துச்சு" என்றார் இவான்.

"வரும்தான். பாதி கோலி ஆச்சே" என்றார் அம்மையார். "மிரண்டு ஓடினதுங்களை மூலைல ஒதுக்கி நிறுத்தியிருக்கா. நாப்பது ஆடு உசுரோட நிக்குதே, எப்படின்னு கேட்டீங்களா?"

நாய் ஆட்டை மடக்குவதைப் பால் குடிக்கும் வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த வேலை நமக்குத் தெரியாதா? தெரியும்! அதையே ஒரு லர்ச்சர் செய்தபோது நம் கண்ணுக்கு அது கொலையாகத் தெரிந்தது.

"கோலி கலப்பு என்னிக்கிருந்தாலும் ஆட்டு மேல பாயும். இது ஊருக்கே தெரிஞ்ச விஷயம்" என்றார் தலைவர்.

"செரன் தொண்டையத்தான் கடிப்பா. செத்த ஆட்டுக்குத் தொண்டைல ஒரு கீறல் இருக்கா? பின்தொடையப் புடிச்சுத் தொங்கியிருக்கு. தோலை உரிச்சுப் பாருங்க. தாடை எவ்வளவு அகலம்னு சதையே சொல்லும். வாங்க, கால் மைல்தான். எமிர், நீயாச்சும் வாடா."

"மழை பெய்யுது ஆன்டி."

மழை பெய்தது உண்மை. தேநீரும் சூடாக இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்தவை கைகள் மட்டும்தான். செரன் சாக வேண்டும், அதன் ரத்தத்தில் வந்த நாய் எதுவும் இந்தப் பள்ளத்தாக்கில் பண்ணை நிலத்தில் கால் வைக்கக் கூடாது, வைத்தால் சுடலாம். இதுதான் தீர்மானம். துப்பாக்கியை அம்மையார் வேறு எவரிடமும் கொடுக்கவில்லை. செரனைத் தன் வீட்டு முற்றத்தில் தன் கையாலேயே முடித்தார். செத்த ஆடுகளை மறுநாள் பொழுது விடியும் முன்பே ஒரு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. வண்டியைக் கூப்பிட்டது யார் என்று நான் கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

அந்த மாதம் முடிவதற்குள் டுடுரின் பண்ணையில் இன்னும் இரண்டு ஆடுகள் செத்தன. செரனா வந்து கடித்தது? மண்ணுக்கு அடியிலிருந்து எழுந்து வந்தா கடித்தது?

இந்த முறை அம்மையார் யாரையும் அழைக்கவில்லை. கத்தியோடு போய்த் தோலை உரித்தார். டுடுரும் எமிரும் நானும் நின்று பார்த்தோம். பின்தொடைச் சதையில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. ஒரே பிடி. எமிர் அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். கை போதவில்லை. அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அப்படியே நின்றான். அம்மையார் கத்தியைப் புல்லில் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

நான் அதை எழுதினேன். அச்சில் வந்தது. நீங்கள் படித்தீர்கள். படித்துவிட்டு அந்தத் தாளில் முட்டையைச் சுற்றி வைத்தீர்கள். அடுத்த வாரம் தலைவரின் சாம்சன் தெற்கே அவருடைய மைத்துனர் வீட்டுக்குப் போயிற்று. காற்று மாற்றத்துக்காம்! அதற்குப் பிறகு இங்கே ஒரு ஆடும் நாய்க் கடியில் சாகவில்லை. நாயை வைத்து நரி பிடிப்பதைத் தடை செய்ய லண்டனில் பேசுகிறார்கள் என்று கொதிக்கிறோம். நாயைத் தெரியாதவர்கள் சட்டம் போடுகிறார்கள் என்கிறோம். நாம் போட்ட சட்டத்தை நாயைத் தெரிந்தவர்கள்தானே போட்டோம்?

என்ன தலைவரே? "சாவுக் கூட்டத்துல நாய்க் கதை எதுக்கு சார், செத்தவங்களப் பத்திப் பேசுங்க" என்கிறீர்களா? செத்தவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். சங்கத்தின் பெயரில் வந்திருக்கும் மலர்வளையத்தில் ‘மறக்க முடியாத சேவை’ என்று எழுதியிருக்கிறது. அந்தச் சேவையைக் கொஞ்சம் நினைவுபடுத்தினால் ஏன் நெளிகிறீர்கள்?

செரன் போன பிறகும் அவர் உங்கள் பண்ணைகளுக்கு வந்தார். டெரியர்களை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தார். வெளியே பாயும் நரியைப் பிடிக்க அடுத்தவர் நாயைக் கேட்டு வாங்கினார். அவர் வீட்டு முற்றத்தில் செரனின் மகள் ஷான் சங்கிலியில் கிடந்தது. இரண்டு வயது நாய் அது. ஓடுவதற்கென்றே பிறந்த கால்கள். இன்றுவரை அது ஒரு நரியைத் துரத்தியதில்லை, ஒரு மேட்டில் ஏறியதில்லை. போன வருடம் இந்த மேடைக்கு முன்னால் நின்று அம்மையார் கேட்டார்: "எனக்கு யாரும் மன்னிப்புக் கேக்க வேணாம். தீர்மானத்தை மட்டும் எடுத்துடுங்க. புள்ள கட்டியே கெடக்குது." அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார் தலைவர். அடுத்த கூட்டம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அம்மையார்தான் வரவில்லை. அடுப்படியில் விழுந்தவரை மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள். ஷான் குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

நான் இந்தச் சங்கத்தின் உறுப்பினர் இல்லை. எனக்கு ஆடு இல்லை, ஓட்டும் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். அந்தத் தீர்மானத்தை இங்கே, இப்போதே நீக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள்.

எமிர். டுடுர்.

வேறு யாரும் இல்லையா? இவான், உங்களைத்தான் பார்க்கிறேன்.

சரி. இரண்டு கைகள் போதாது என்கிறார் தலைவர். விதிப்படி அவர் சொல்வது சரிதான்.

என்ன எமிர்? எழுந்து நின்று சொல், எல்லோரும் கேட்கட்டும். "என் பண்ணை கேட்டு தொறந்திருக்கும் சார். தீர்மானம் என் வீட்டுச் சுவத்துக்கு வெளியதான். நாயக் கூட்டிட்டு வாங்க." கேட்டீர்களா?

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். "இந்த முட்டியை வெச்சுக்கிட்டு நீங்க நாயப் புடிப்பீங்களா, நாய் உங்களப் புடிக்குமா சார்?" நியாயமான கேள்வி. பெரும்பாலும் அதுதான் என்னைப் பிடிக்கும்.

எலுனெட் வொகன் அம்மையாரே! உங்களுக்கு நாங்கள் செய்தது அநியாயம் என்று இந்தச் சங்கம் சொல்லாது. நான் சொல்கிறேன். இந்த வாரப் பத்திரிகையில் சாம்சனின் பெயரையும் அதன் சொந்தக்காரர் பெயரையும் போட்டே எழுதுகிறேன். வழக்குப் போடுகிறவர்கள் போடட்டும், கோர்ட்டிலாவது அந்த ஆட்டைப் பற்றி யாரேனும் விசாரிப்பார்கள். நாளை வரும் மருத்துவர் ஊசியோடு திரும்பிப் போகட்டும், முற்றத்தில் சங்கிலி மட்டும்தான் இருக்கும். விடிந்ததும் எமிரின் மேட்டில் ஷான் தன் முதல் வேலையைத் தொடங்கும். கடைசிக் குட்டி எழுந்து நிற்கும்வரை நாங்கள் அங்கேதான் இருப்போம். சுட வருகிறவர்கள் பகலில் வாருங்கள், முகம் தெரியட்டும்.

என் பேச்சு முடிந்தது. தேநீருக்கு நான் நிற்கவில்லை. ஷான் என் காரில் இருக்கிறது.