விடிந்ததும் அந்த வேன் புறப்பட வேண்டாம்

இறைவன் திருப்பெயரால்! தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் ஜூமாகதிர் அவர்களே, வெண்தாடி வேந்தர்களாய் வீற்றிருக்கும் பெரியோர்களே, மாவு படிந்த கையைத் துடைத்தபடி ஓடிவந்த தாய்மார்களே, உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும்!

வாசலில் வேன் நிற்கிறது. கறி ஏற்றியாயிற்று, புளித்த குதிரைப்பால் குமிஸும் ஏற்றியாயிற்று. விடிந்ததும் தலைநகர் பிஷ்கெக் மருத்துவமனையில் கிடக்கும் என் மகன் எல்தியாரைப் பார்க்கப் புறப்படுகிறீர்கள். அன்பால் அமைந்த பயணம். அதைத் தடுக்கவே நிற்கிறேன்.

"என்னம்மா சொல்ற?" என்கிறீர்களா? கேளுங்கள்.

பிறவியிலேயே நோய் எதிர்ப்பில் குறையுள்ள பிள்ளை அவன். போன மாதம் தொண்டைக் காய்ச்சல் வந்தது. மற்றப் பிள்ளைகளைத் தொட்டுவிட்டுப் போகும் கிருமிதான். ரத்தம் பார்த்தால், வெள்ளையணு மடமடவென ஏறியிருந்தது. வீட்டு வரவு செலவு எழுதுகிறவள் நான். ஏறினால் லாபம் என்றிருந்தேன். மாமனார் தொக்தோசுன் துள்ளிக் குதித்தார்.

"பாத்தியா மருமவளே, எம்பேரன் படை திரட்டுறான்! ஆட்ட அறுங்கடா!"

"கறி திங்க இவருக்கு ஒரு சாக்கு" என்றார் மாமியார். விருந்து வைத்தோம், நீங்களும் உண்டீர்கள்.

அது வெற்றியா? அது வீரமா? இல்லை பெரியோர்களே! அந்த அணுக்கள் உருமாறி ஊதியிருந்தன. கிருமியைக் கொல்லக் கிளம்பியவை, நிறுத்தத் தெரியாமல் ஈரலைத் தாக்கின, ரத்தத்தையே அழித்தன. காக்க வந்த படையே வீட்டைக் கொளுத்தியது! மருத்துவர்கள் அந்தப் படையை மருந்தால் முடக்கியிருக்கிறார்கள். இப்போது என் மகனுக்குக் காவலே இல்லை. உங்கள் ஒரு தும்மல், ஓர் இருமல், ஆசையாய் இடும் ஒரு முத்தம் போதும், அவன் உயிரைப் பறிக்க! பெற்றவள் நானே கண்ணாடிக்கு அப்பால் நின்றுதான் பார்க்கிறேன்.

"நோயாளியப் பாக்காம இருந்தா பாவமில்லயா?" யாரது? பெரியம்மாவா? அந்த அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் அவன் பிழைக்க வேண்டும் என்றுதானே போகிறோம்? இம்முறை போகாதிருப்பதே இறைவணக்கம்! கதவுக்கு இப்பால் நிற்பதே கருணை! நாம் வேண்டும் துஆவுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, அதை அனுப்புங்கள்!

அதோ, மாமனார் எழுந்துவிட்டார்.

"நானுமா போகக்கூடாது, மருமவளே?"

நீங்களும்தான், மாமா.

இதோ, மாமனாரே வேன் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறார்.

"சரி. கறிய இறக்குங்கடா. இங்கயே பங்கு வைங்க. முதல்ல எம்பேரனுக்காக எல்லாரும் துஆவுக்குக் கையேந்துங்க."

இறக்கும் கைகளுக்கும், ஏந்தும் கைகளுக்கும் என் நன்றி. இறைவன் என் பிள்ளையைத் திருப்பித் தரட்டும். உங்கள் பிள்ளைகளைக் காக்கட்டும். சலாம்!