தம்பியும் வருவார்ல?

புத்தகக் கூட்டத்துக்கு நாற்காலிகளை எப்போதும் குறைத்துத்தான் போட வேண்டும், சார். நாற்பது பேர் வருவார்கள் என்றால் இருபத்தைந்து போதும். மிச்சப் பேர் சுவரோரம் நிற்பார்கள். பார்க்கிறவனுக்கு அரங்கம் நிரம்பி வழிகிற மாதிரி இருக்கும். விசாரணைக்குக் கூப்பிட்டால் இவன் நாற்காலிக் கதை சொல்கிறானே என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கிருந்துதான் வர வேண்டும்.

முதல் மூன்று நாவல்களுக்கும் நான் தனியாகப் போய்ப் பேசினேன். ஈ ஓட்டினேன். ஒரு நூலகத்தில் ஏழு பேர். அதில் இரண்டு பேர் மின்விசிறிக் காற்றுக்காக வந்தவர்கள். மொழிநடையைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விட்டார்கள். வாசகர்கள், வாசகர்கள் என்று தலையில் தூக்கிவைத்து ஆடுகிறோமே, அவர்களுக்கு எழுத்து வேண்டாம் சார். மூக்கைச் சிந்த ஒரு சாக்கு வேண்டும்.

நான்காவது புத்தகம் என் தம்பியைப் பற்றியது. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, தலையில் அடிபட்டுப் பேச்சை இழந்தவன். ஆறு வருடம் அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, நான் பார்த்துக்கொண்ட கதை. அதில் ஒரு வரி பொய் கிடையாது. வெளியீட்டன்று அவனை விட்டுவிட்டு வர வீட்டில் ஆள் இல்லை. மேடையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். நான் வாசிக்க வாசிக்க, அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் தேம்பியது. கொண்டுபோன புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அதற்குப் பிறகு அழைத்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "தம்பியும் வருவார்ல சார்?" ஒரு கல்லூரி முதல்வர் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "அவருக்கு முடியலைன்னா தேதியைத் தள்ளி வெச்சுக்கலாம்." இரண்டு வருடம், வாரம் தவறாமல் மேடை.

வினை பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணால் வந்தது. கெட்டிக்காரி. ஒரு நாள் வாசலிலேயே என்னை நிறுத்தி, "சார், உங்களை அண்ணான்னு கூப்பிட்டார். ஆறே மாசத்துல நல்லா பேசிடுவார் பாருங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. குணமானவனைப் பார்க்க யார் வருவார்கள்? ஒருமுறை கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நாங்கள் வேறு ஊருக்குப் போகிறோம் என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டேன்.

ஆனாலும் அவன் தனியாகப் பழகியிருக்கிறான், திருட்டுப்பயல். அடுத்த கூட்டத்தில் ஒரு மாணவி எழுந்து நேராக அவனிடமே கேட்டாள்: "உங்க அண்ணன்கிட்ட என்ன சொல்ல ஆசைப்படறீங்க?" அவன் கையை நீட்டி ஒலிவாங்கியை இழுத்தான். ரொம்ப நேரம் திக்கினான். "வீட்டுக்கு... போலாம்ணா. போதும்ணா."

அரங்கம் சிரித்தது. என் மேடையில் யாரும் அதுவரை சிரித்ததில்லை.

அவன் தூக்கத்துக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் வீட்டில் இருந்தன. கூட்டத்துக்குக் கிளம்பும்போது பாலில் ஒன்று கரைத்துக் கொடுத்தேன். சாதுவாக உட்கார்ந்தான். பிறகு இரண்டு. கடைசி ஐந்து மாதம் தினமும் நான்கு. கூட்டம் இல்லாத நாட்களிலும்தான். வாய் பழகிவிடக் கூடாதல்லவா. பால் கசந்திருக்கும். நான் கொடுத்தால் எதையும் குடித்துவிடுவான், சின்ன வயதிலிருந்தே அப்படி.

சனிக்கிழமை ஆறு கொடுத்தேன். பெரிய அரங்கம், தொலைக்காட்சிக்காரர்கள் வேறு. மூன்றாம் அத்தியாயம் வாசிக்கும்போது அவன் தலை என் தோளில் சாய்ந்தது. கூட்டம் விம்மி விம்மி அழுதது. வாசித்து முடித்து அவன் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, சார். மறைக்கவில்லை. ஆனால் கையெழுத்து வாங்க அறுபது பேர் வரிசையில் நின்றார்கள். அறுபது பேருக்கும் போட்டுக் கொடுத்தேன். அவன் தூங்குகிறான் என்று ஒரு அம்மாள் தன் சால்வையைக்கூடப் போர்த்திவிட்டுப் போனார். கடைசியில் பெருக்க வந்தவர்தான் கத்தினார்.

கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இத்தனை வருடத்தில் என் தம்பி என்னைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை.